ஜன்னல் பக்கத்துத் தையல்

அத்தியாயம் பதினொன்று

ஏனோஸின் குதிரை வண்டி சலோமா வீட்டு முற்றத்துக்குள் நுழைந்தபோது மணி எட்டாகவில்லை. ஏழு வாரத்துக்குப் பிறகு லவீனா அந்த வீட்டுப் படியேறப் போகிறாள். ஆண்கள் எல்லாரும் கொட்டகை வாசலில் நின்று குதிரைகளைப் பார்த்தார்கள். பெண்கள் நாங்கள் தொப்பி நாடாவைச் சரிசெய்துகொண்டோம். கண்டும் காணாததுபோல் நிற்பதில் எங்கள் சபையை மிஞ்ச ஆளில்லை.

சலவை அறையில் வழக்கம்போல் வரிசையாக நின்று கை கொடுத்தோம், முத்தமிட்டு வாழ்த்தினோம். லவீனா வரிசையில் நகர்ந்து நகர்ந்து சலோமா முன்னால் வந்தாள். கை கொடுத்தாள். முத்தம் என்று பெயருக்கு ஒன்று நடந்தது. இருவர் கன்னத்துக்கும் நடுவே ஒரு கோழிக்குஞ்சு தாராளமாகப் போய்வரலாம்.

சலோமா ஏனோஸின் தங்கை. லவீனாவுக்கு நாத்தனார். அதற்கு முன்பே பள்ளிக்கூடத்தில் எட்டு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் பின்பெஞ்சு என்னுடையது. அதனால் இவர்கள் சண்டையைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சண்டைக்குக் காரணம் ஒரு போர்வை. ஆகஸ்டில் இதே வீட்டு முன்னறையில் மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, சுற்றிலும் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து தைத்தோம். ஏலத்துக்குக் கொடுக்கப் போவதாகச் சலோமா சொன்னாள். நாங்களும் ஏலத்துக்குத்தான் என்று தலையாட்டினோம்.

உண்மையில் அது லவீனாவின் மகள் வெர்னாவின் கல்யாணப் போர்வை. நவம்பரில் வெர்னாவுக்கும் கிதியோனுக்கும் கல்யாணம். சபையில் அறிவிக்கும்வரை அது ரகசியம். போர்வை பெண் வீட்டில் விரிந்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்றுதான் அத்தை வீட்டுக்கு வந்தது. கல்யாண விருந்துக்கென்றே பயிரிடும் செலரிக் கீரையும் அத்தையின் சோளக்கொல்லைக்குப் பின்னால்தான் வளர்கிறது. பிள்ளையில்லாத சலோமாவும் புருஷனும் முந்நூறு குத்துச் செலரியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

தைத்த மறுநாள், மறந்துவிட்டுப் போன தையல் விரலுறையை எடுக்க லவீனா வந்தாள். எங்கள் வீடுகளில் கோடையில் யாரும் செருப்புப் போடுவதில்லை. முதல் நாள் அவள் உட்கார்ந்த மூலையில் வெறுங்காலில் நூல் துணுக்குகள் ஒட்டின. தைத்ததை யாரோ பிரித்திருக்கிறார்கள். யார் என்று கேட்டாள். நான்தான் என்றாள் சலோமா.

லவீனா விரலுறையைக்கூட எடுத்துக்கொள்ளாமல் வீட்டுக்குப் போய்விட்டாள். ஒருத்தி போட்ட தையலை அவள் முதுகுக்குப் பின்னால் இன்னொருத்தி பிரிப்பது சின்ன விஷயம் என்று எங்கள் சபைக்கு வெளியே இருக்கிற இங்கிலீஷ்காரர்கள் நினைக்கலாம். எங்களுக்கு அது முகத்தில் அறைவது.

இன்று ஒப்புதல் ஞாயிறு. பிள்ளைகள் வீட்டில்; ஞானஸ்நானம் பெற்றவர்கள் மட்டும் வந்திருக்கிறோம். சாயங்காலத்துக்குள் ஒவ்வொருவரிடமும் வந்து கேட்பார்கள்: எல்லாரோடும் சமாதானமாக இருக்கிறாயா? ஒருத்தர் இல்லை என்றாலும் திருவிருந்து வசந்த காலத்துக்குத் தள்ளிப்போகும். திருவிருந்து முடியாமல் கல்யாணம் கிடையாது. உழவு தொடங்கிவிட்டால் யாரும் நானூறு பேருக்குப் பந்தி போடமாட்டார்கள். ஆக, வெர்னா இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

ஏனோஸ் வாரம் முழுக்க மனைவியிடம் கெஞ்சிப் பார்த்துவிட்டார். மனசில் இல்லாததை வாயால் சொல்லமாட்டேன் என்று அவள் ஒரே பிடியாக இருந்தாள்.

*

அந்த ஞாயிறு விடிந்ததுமே வெர்னா அத்தைக்கு உதவி செய்யக் கிளம்பி வந்துவிட்டாள். சலோமா ரொட்டியை அறுத்துக்கொண்டிருந்தாள். வெர்னா பீட்ரூட் ஊறுகாய் ஜாடிகளைத் திறந்து கிண்ணங்களில் எடுத்து வைத்தாள். அங்கே நடந்ததை வெர்னாவே பின்னால் எனக்குச் சொன்னாள். நான் எதையும் கூட்டவில்லை.

சலோமா கத்தியைக் கீழே வைக்காமலேயே பேசினாள்.

"இன்னைக்கு எங்கிட்டயும் கேப்பாங்க வெர்னா. பொய்யை வயித்துல வெச்சுக்கிட்டு சமாதானம்னு என்னால சொல்ல முடியாது."

வெர்னா கிண்ணத்தைப் பார்த்தபடி நின்றாள். அத்தை தனக்காகத்தான் அந்தப் பொய்யைச் சொன்னாள் என்பது அவளுக்குத் தெரியும்.

"மத்தியானத்துக்குள்ள உங்கம்மாகிட்ட நீ சொல்லிடு. நீ சொல்லலேன்னா, கேக்கும்போது எனக்கு சமாதானம் இல்லேன்னு சொல்லிடுவேன். உன்னை மாட்டிவிட மாட்டேன். ஆனா கல்யாணம் நின்னுடும்."

ஆமாம், தையலைப் பிரித்தது சலோமா இல்லை. தைத்த மறுநாள் தோட்டத்திலிருந்து உள்ளே வந்த சலோமா, போர்வைச் சட்டத்தின் அருகே கத்தரிக்கோலும் கையுமாக உட்கார்ந்திருந்த வெர்னாவைப் பார்த்தாள். பிரித்த இடத்தில் வெர்னா மறுபடி தைத்து முடித்து வீட்டுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் லவீனா வந்து நின்றாள்.

சலோமா ரொட்டித் தட்டை அவள் கையில் கொடுத்து, போய் மேசையில் வை என்றாள்.

*

ஒப்புதல் ஞாயிறு பிரசங்கம் ஆதாமில் தொடங்கும். முதல் பிரசங்கியார் நோவா வரைக்கும் வருவதற்குள் எனக்கு இரண்டு காலும் மரத்துவிட்டன. முதுகு சாய்க்க இடமில்லாத பெஞ்சு, நாள் முழுக்க. அதனால் அன்று மட்டும் பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும்போதே பந்தி பந்தியாக எழுந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவோம். மூத்தவர்கள் முதலில்.

எங்கள் முறை வந்தபோது பிரசங்கத்தில் ஆபிரகாம் மகன் ஈசாக்கைப் பலியிடக் கூட்டிக்கொண்டு மலையேறிக்கொண்டிருந்தார். நானும் லவீனாவும் இன்னும் நாலு பேரும் சமையலறைக்குப் போனோம். ரொட்டி, பாலாடைக்கட்டி, இனிப்புக் கலந்த கடலை வெண்ணெய், ஊறுகாய், காபி. லவீனா ரொட்டியைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தாளே ஒழிய, ஒரு துண்டும் வாய்க்குப் போகவில்லை.

காபிக் கெண்டியோடு வந்த வெர்னா அம்மாவின் தோளைத் தொட்டாள். கொஞ்சம் வாங்கம்மா என்றாள். முகம் வெளுத்திருந்தது. லவீனா எழுந்து அவள் பின்னால் சலவை அறைக்குப் போனாள். அடுப்பருகே நின்ற சலோமாவும் இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டு கூடவே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

நான் இருந்த இடத்திலிருந்து அசையவில்லை. ஆனால் எங்கள் ஊர்க் கதவுகள் அப்படியொன்றும் கனமில்லை.

"அம்மா, அந்தத் தையலைப் பிரிச்சது அத்தை இல்ல. நான்தான்."

நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

"நீயா?" என்றாள் லவீனா.

"கோணலா இருந்துச்சும்மா. ஒவ்வொண்ணும் பல்லு நீளம். கிதியோனோட அம்மா அவ்வளவு நல்லாத் தைக்கிறவங்க. அவங்க கண்ணுல பட்டா உங்களைப் பத்தி என்ன நெனப்பாங்கன்னு வெட்கமா இருந்துச்சு. அதான் பிரிச்சேன்."

சொல்லிவிட்டு அழுதாள். அந்த அழுகை எனக்கு நன்றாகவே கேட்டது, பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். எல்லாரும் ஊறுகாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்ப நீ எதுக்குடீ நான்தான்னு சொன்ன?" இது சலோமாவுக்கு.

"பெத்த பொண்ணே பிரிச்சான்னு தெரிஞ்சா நீ தாங்கமாட்டேன்னு நெனச்சேன். எம்மேலன்னா ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு அப்புறம் வந்துடுவ. நீ ஏழு வாரம் இழுப்பேன்னு எனக்கென்ன தெரியும்?"

"பொய் சொல்லியிருக்க."

"சொன்னேன். தப்புதான். மன்னிச்சிடு லவீனா. உங்கிட்ட பேசாம இந்த வீட்டுல எனக்குச் சோறு எறங்கல."

அடுத்துப் பேசிய லவீனாவின் குரல் நான் முப்பது வருஷமாகக் கேட்டு வந்த குரலே இல்லை. அவ்வளவு சன்னமாக இருந்தது.

"நீ பிரிச்சேன்னு எனக்குக் கோபமே இல்லடீ. உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னுதான். எனக்குக் கண்ணு தெரியல. போன குளிர்காலத்துல இருந்தே. காய்ச்சின பால்ல ஆடை படிஞ்ச மாதிரி எல்லாத்து மேலயும் ஒரு வெள்ளை. இவர்கிட்டகூட சொல்லல. நீ பிரிச்சேன்னதும், சரி, கண்டுபிடிச்சுட்டா, இனிமே ஊருக்கே நான் கண்ணு தெரியாதவன்னு பயந்துட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. பத்து மாதமாகப் பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பாட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கமும் புரட்டாமல் அவள் மனப்பாடமாகப் பாடுவதைப் பார்த்து, என்ன பக்தி என்று நினைத்திருந்தேன்.

"என்னம்மா இது, எங்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்று வெர்னா விசும்பினாள். டவுனில் இருக்கிற கண் டாக்டரிடம் செவ்வாய்க்கிழமையே கூட்டிப் போகிறேன், இங்கிலீஷ்காரர் வேனைச் சொல்லிவிடுகிறேன், அண்ணனிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்று சலோமா மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனாள். ஏழு வாரப் பேச்சு அடைபட்டுக் கிடந்ததல்லவா.

லவீனா குறுக்கே புகுந்தாள்.

"அது கெடக்கட்டும். எந்தப் பக்கம் பிரிச்ச?"

"மூலைப் பூவுலம்மா. ஜன்னல் பக்கத்து இதழ் ரெண்டும்."

"ஜன்னல் பக்கமா?"

"ஆமாம்மா. காலையில நீங்க அங்கதானே உட்கார்ந்தீங்க."

"காலையில உட்கார்ந்தேன். மத்தியானம் வெயில் மூஞ்சிக்கு நேரா அடிச்சுது. ஊசியே தெரியல. அந்தப் பூவைத் தைக்கிறதுக்கு முன்னாடியே கதவுப் பக்கம் மாத்திக்கிட்டேன். நீ அப்ப பாத்திரம் கழுவிக்கிட்டிருந்த. கதவுப் பக்கத்து இதழ்தான் நான் தைச்சது. கண்ணை மூடிக்கிட்டு, விரல் சொன்னபடி."

"அதை நான் தொடவே இல்லம்மா" என்றாள் வெர்னா. "அது அவ்வளவு நேரா இருந்துச்சு. அங்குலத்துக்குப் பத்து. அத்தை தைச்சதுன்னு நெனச்சேன்."

முதலில் சிரித்தது சலோமா. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பிறகு லவீனா. அவளுக்குச் சிரிப்பு வந்தால் கடைசியில் இருமலில்தான் முடியும். அந்த இருமலைக் கேட்டபோது என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அடுத்த அறையில் ஈசாக்கு தப்பிப் பிழைத்துவிட்டதாகப் பிரசங்கியாரும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படியே சிரிப்பு நின்றது.

"அப்ப ஜன்னல் பக்கம் யாரு தைச்சது?" என்று வெர்னா கேட்டாள்.

எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"ரெஜினா" என்றாள் லவீனா. "எங்கூட எடம் மாத்திக்கிட்டவ அவதான். முந்தின நாள் பீச் பழத்தைக் காய்ச்சி ஜாடியில போடும்போது கட்டைவிரலைச் சுட்டுக்கிட்டா. துணி சுத்திக்கிட்டுத் தைச்சா."

ரெஜினா கிதியோனின் அம்மா. எங்கள் சபையில் தையல் என்றால் ரெஜினாதான். வெர்னா யாருடைய கண்ணிலிருந்து அந்தத் தையலை மறைக்க நினைத்தாளோ, அவளுடைய தையலையே பிரித்துப் போட்டிருக்கிறாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ வாளியின் மேல் உட்கார்ந்த சத்தம் கேட்டது. வெர்னாவாகத்தான் இருக்கும்.

"அவளுக்குத் தெரியவே வேண்டாம்" என்று சலோமா தொடங்கினாள்.

"நீ சும்மா இரு. நீ மூடி வெச்சதுலதான் ஏழு வாரம் போச்சு." லவீனாவின் பழைய குரல் திரும்பி வந்திருந்தது. "வெர்னா, அடுத்த பந்தியில ரெஜினா வருவா. நீயே சொல்லிடு. கேள்வி வர்றதுக்கு முன்னாடி."

"அவங்க சமாதானம் இல்லேன்னுட்டா?"

"அப்ப அடுத்த வருஷம் கல்யாணம். இதை மறைச்சுட்டு அந்த வீட்டுக்கு நீ போக வேண்டாம்."

மூன்று பேரும் வெளியே வந்தார்கள். லவீனாவும் சலோமாவும் வாசற்படியிலேயே நின்று, காலையில் விட்டுப்போன முத்தத்தைக் கொடுத்துக்கொண்டார்கள். இந்தத் தடவை கன்னத்தில் சத்தம் கேட்டது. பிறகு லவீனா மேசைக்கு வந்து, பிட்டு வைத்த ரொட்டி அத்தனையையும் தின்றாள்.

*

நான் மெதுவாகச் சாப்பிடுகிறவள். அன்று இன்னும் மெதுவாகச் சாப்பிட்டேன். அடுத்த பந்தி வந்து உட்கார்ந்தபோதும் நான் ஆப்பிள் பை என்ற பழப் பலகாரத்தில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு ஓரத்தில் நின்றேன்.

வெர்னா கெண்டியோடு ரெஜினாவிடம் போனாள். குனிந்து அவள் காதோடு பேசினாள். சொன்னது மூன்று நாலு வாக்கியம்தான் இருக்கும். ரெஜினாவின் முகம் அசையவில்லை. அவள் பார்வை கோப்பையிலேயே இருந்தது.

"காபி வழியுது பாரு" என்றாள்.

அவ்வளவுதான். வெர்னா துடைத்தாள். ரெஜினா குடித்து முடித்து எழுந்து போய்விட்டாள். வெர்னா என்னைப் பார்த்த பார்வையில் நான் அந்தத் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

மத்தியானத்துக்கு மேல் பிஷப் எழுந்து நின்று ஒழுங்குகளைச் சொன்னார். தொப்பி விளிம்பு எத்தனை அங்குலம், வண்டி விளக்கு எப்படி இருக்கலாம், வாலிபர்கள் பாக்கெட்டில் எது இருக்கக் கூடாது. மற்ற வருஷங்களில் யார் நெளிகிறார்கள் என்று பார்ப்பேன். இந்த வருஷம் எங்கள் பெஞ்சிலேயே மூன்று இடம் தள்ளி இருந்த ரெஜினாவின் முகத்தை மட்டும் பார்த்தேன். அது ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு ஒரு பிரசங்கியார் ஆண்கள் பக்கமும் இன்னொருவர் எங்கள் பக்கமும் புறப்பட்டார்கள். ஒவ்வொருவராகக் குனிந்து கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

லவீனாவிடம் வந்தார். அவள் பதில் கொட்டகை வரைக்கும் கேட்டிருக்கும். எதிர்ப்பக்கத்தில் ஏனோஸ் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். அந்த மனிதருக்குச் சளியே பிடித்ததில்லை. அடுத்து நான், சமாதானம்தான் என்றேன். எனக்கு அடுத்திருந்த சலோமாவும் சொன்னாள்.

ரெஜினாவிடம் வந்தார்.

அவள் மடியில் கிடந்த வலது கையைத் திருப்பி, கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரசங்கியார் சரியாகக் கேட்கவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் குனிந்தார். லவீனா என் முழங்கையைப் பிடித்தாள். அந்தப் பிடியின் தடம் இரண்டு நாள் இருந்தது.

"எனக்கு எல்லாரோடயும் சமாதானம்தான்" என்றாள் ரெஜினா. "திருவிருந்துக்கு எனக்குச் சம்மதம்."

லவீனா கையை விட்டாள். நான் அப்போதுதான் மூச்சு விட்டேன். கடைசி வரிசையில் வெர்னாவின் முறை வந்தது. தலையை மட்டும் ஆட்டினாள், பிரசங்கியார் அதையே பதிலாக எடுத்துக்கொண்டார். சபை முழுக்கச் சமாதானம், இரண்டு வாரத்தில் திருவிருந்து என்று பிஷப் அறிவித்தார். ஜெபத்துக்கு முழங்கால் போட்டபோது நான் ஜெபித்தது அந்த ஒரு வார்த்தைதான்: அப்பாடா.

*

சாயங்காலம் வண்டிகளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். சமையலறையில் சலோமா பாத்திரம் கழுவ, லவீனா துடைத்து வைத்தாள். செவ்வாய்க்கிழமை வேன் எத்தனை மணிக்கு, டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று அவர்கள் பேச்சு ஓடியது. சொல்லவேண்டியதை ஏனோஸிடம் சலோமா ஏற்கெனவே சொல்லிவிட்டாள். அவர் மனைவியைத் திட்டவில்லை. அவளுடைய மேலாடையைத் தானே எடுத்து வந்து வாசலில் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெர்னா முற்றத்தில் தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ரெஜினா தன் வண்டிக்குப் போகிற வழியில் அவளருகே நின்றாள். கறுப்புத் தொப்பியை மாட்டி நாடாவைக் கட்டியிருந்தாள். கிதியோன் குதிரையைப் பிடித்தபடி, எதுவும் தெரியாதவன் போல வானத்தைப் பார்த்தான்.

"வியாழக்கிழமை வீட்டுக்கு வா" என்றாள் ரெஜினா. "அந்தப் போர்வையையும் எடுத்துட்டு வா."

வெர்னா தலையாட்டினாள்.

ரெஜினா வண்டியில் ஏறி உட்கார்ந்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

"இது ஆறிடுச்சு."

வண்டி கிளம்பிப் போய்விட்டது. வெர்னா தட்டுகளை அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். லவீனா துடைக்கிற துணியோடு படியிறங்கி வந்தாள். என்ன சொன்னாள் என்று கேட்டாள். வெர்னா சொன்னாள்.

"சிரிச்சுக்கிட்டே சொன்னாளா, கோபமா சொன்னாளா?"

"தெரியலம்மா. தொப்பி மூஞ்சியை மறைச்சிருந்துச்சு."

லவீனா சாலைப் பக்கம் பார்த்தாள். தூரத்தில் வண்டி அவளுக்கு ஒரு கறுப்புத் தீற்றலாகத்தான் தெரிந்திருக்கும். துணியைத் தோளில் போட்டுக்கொண்டு மகளின் கையிலிருந்த தட்டுகளை வாங்கிக்கொண்டாள்.

"எதுக்கும் அவளுக்கும் சேர்த்து ரெண்டு ஊசியா எடுத்துட்டுப் போ" என்றாள்.